நூறு பேர், ஒரு கூகுள் ஃபார்ம், கடைசியில் ஒரு டி-டெஸ்ட்

மாசி, பங்குனி வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் மழைதான். "சைக்காலஜி ப்ராஜெக்ட் அக்கா, ரெண்டே நிமிஷம், ஃபில் பண்ணிருங்க." அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு, செட்டிநாட்டு முதியோரின் தனிமை. தலைப்பில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் எண்பது வயது ஆச்சி ஒருவர் மட்டும் இருப்பது இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஆராய வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அந்த ஆச்சியைத் தேட கூகுள் ஃபார்ம் அனுப்பினால் யார் பதில் சொல்வார்கள்? கையில் ஸ்மார்ட்போன், கண்ணில் பார்வை, குழுவில் சேர்த்துவிட ஒரு பேரப்பிள்ளை என்று மூன்றும் வாய்த்தவர்கள். யாரைத் தேடிப் போனோமோ அவரை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) உட்பட எந்த டெஸ்ட் போட்டாலும் அந்த ஓட்டை அடையாது.

இளநிலை உளவியல் மாணவருக்கு ஆய்வு முறையியல் சொல்லிக்கொடுக்கும் முதல் செமஸ்டரில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி. யாரிடம் கேட்பது, எதை எப்படிக் கேட்பது என்பதற்கே பாதிப் பாடம் போகட்டும். இப்போது நடப்பது தலைகீழ். சார்பு மாறி, சாரா மாறி, கருதுகோள் என்று வரையறைகளை ஒப்பிக்க வைக்கிறோம். பிறகு நேராக மென்பொருளுக்குத் தாவுகிறோம். நடுவில் இருக்கும் வேலைதான் ஆய்வே.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முன்னணி இதழ்களை அலசி ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். அவற்றின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கோ 12 சதவீதம். இதை வகுப்பில் சொல்லி வெள்ளைக்காரனைக் குறை கூறிவிட்டு, நாம் பக்கத்து வகுப்பு எம்.காம் மாணவர்களிடம் படிவம் நீட்டுகிறோம்!

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் ஒரு பட்டியல் வேண்டும். இங்கே உடனே நினைவுக்கு வருவது நகரத்தார் கோவில்களின் புள்ளிக் கணக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்தை ஒரு புள்ளியாக எண்ணும் கணக்கு. ஒன்பது கோவில், கோவிலுக்குக் கோவில் கணக்கு, ஒழுங்கானதும்கூட. ஆனால் அதில் சென்னையிலும் மலேசியாவிலும் குடியிருப்பவர்களும் வருவார்கள். இதே ஊரில் காலங்காலமாக வாழும் மற்ற சமூகத்தார் ஒருவரும் வரமாட்டார்கள். அதை வைத்து ஆய்வு செய்தால் தலைப்பு "நகரத்தார் முதியோர்" என்று இருக்க வேண்டும், "செட்டிநாட்டு முதியோர்" என்று போடக் கூடாது. இதைவிட வாக்காளர் பட்டியல் மேல். பாகம் வாரியாக, கதவு எண், வயதோடு யாருக்கும் கிடைக்கிறது. இறந்தவர், இடம் மாறியவர் பெயரும் அதில் இருக்கும் என்பது குறைதான். அது வீட்டுக்குப் போனதும் தெரிந்துவிடும், குறித்துக்கொள்ளலாம்.

ஒரு பாகத்தில் அறுபது வயதைத் தாண்டியவர் 240 பேர், நமக்குத் தேவை 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு ஒருவர். ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டெழுதிக் குலுக்குங்கள். இரண்டு வந்தால் 2, 5, 8, 11 என்று போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். இடையில் "இவுக பேச மாட்டாக, அடுத்தவுகளைப் பாருங்க" என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. பேச மாட்டார் என்று ஊர் சொல்பவர்தான் நமக்கு முக்கியமானவர்.

பூட்டிய வீடு இந்தப் பகுதியின் தனிப் பிரச்சினை. முன்வாசலில் பெரிய பூட்டு தொங்கினால் ஆளில்லை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக ஓடும் வீடுகள் இவை. தனியாக இருக்கும் முதியவர் முகப்பையும் வளவையும் (உள்முற்றப் பகுதி) பூட்டிவிட்டு அடுக்களைப் பக்கம் ஓர் அறையோடு இருந்துகொள்வார். பின்தெருக் கதவைத் தட்டுங்கள். அப்படியும் இல்லையென்றால் மூன்று முறை போக வேண்டும்: ஒரு காலை, ஒரு மாலை, ஒரு ஞாயிறு. அதன் பிறகும் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டைச் சேர்க்கக் கூடாது. பூட்டு, மறுப்பு, உடல்நிலை, இறப்பு, இடமாற்றம் என்று காரணத்தைத் தாளில் குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் பேசினார்கள் என்ற இரண்டு எண்ணும் அறிக்கையின் முதல் அட்டவணையில் வர வேண்டும். எத்தனையோ ப்ராஜெக்டுகளில் இந்த அட்டவணையே இருப்பதில்லை.

ஒரே வீட்டில் பங்காளிகளாக இரண்டு மூன்று முதியவர் இருந்தால் ஒருவரை மட்டும் சீட்டுப் போட்டு எடுங்கள். ஒரே கூரை, ஒரே சண்டை, ஒரே சமையல்காரர். பதில்களும் ஒன்றையொன்று ஒட்டித்தான் வரும். மூன்று பதிலை மூன்று தனித்தனிச் சான்றாக எண்ண முடியாது.

காலமும் முக்கியம். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு உறவு கூடும். தையில் பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். நடக்கத் தெம்புள்ளவர் அந்த வாரம் வீட்டில் இருக்க மாட்டார். கல்யாண மாதத்தில் வளவு நிறைய ஆள். இந்த நாட்களில் பாதிப் பேரையும் ஆடியில் மீதிப் பேரையும் பார்த்தால், இரண்டு குழுக்களுக்கும் வரும் வித்தியாசம் காலண்டரின் வித்தியாசம்.

இனிக் கேள்விக்கு வருவோம். தனியாக வசிப்பது வேறு, தனிமையை உணர்வது வேறு. இருபது பேர் நடமாடும் வீட்டிலும் தனிமை உண்டு. எதை அளக்கப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதி வைக்காமல் படிவம் தயாரிக்கக் கூடாது. உதாரணத்துக்கு, 2004இல் ஹ்யூஸ் குழுவினர் வெளியிட்ட மூன்று கேள்வி அளவுகோல். துணை இல்லாத உணர்வு, ஒதுக்கப்பட்ட உணர்வு, பிறரிடமிருந்து விலகிக் கிடக்கும் உணர்வு என்று மூன்று கேள்விகள். அரிதாக, சில நேரம், அடிக்கடி என்று மூன்று விடைகள். மொத்த மதிப்பெண் 3 முதல் 9 வரை; கூடக் கூடத் தனிமை அதிகம். முதியவரிடம் நேரில் கேட்க இருபது கேள்விப் படிவத்தைவிட இது உகந்தது. பன்னிரண்டாவது கேள்வியில் களைத்துப்போய் எல்லாவற்றுக்கும் "ஆமாப்பா" சொல்லும் நிலை வராது.

ஆங்கிலத்தில் இருக்கும் கேள்விகளை ஒருவர் தமிழாக்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் இந்த ஊர்க்காரர் எட்டுப் பத்துப் பேரிடம் கேட்டு, "இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று விசாரிக்க வேண்டும். எதிர்மறை வாக்கியங்கள் இங்கேதான் மாட்டும். "எனக்குத் துணை இல்லை என்று நான் நினைப்பதில்லை" என்பதற்கு ஒருவர் "ஆமா" என்றால் துணை உண்டு என்கிறாரா, இல்லை என்கிறாரா? கேட்பவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட கேள்வியைத் தூக்கிவிடுங்கள். நேர்மாறாகக் கேட்டே ஆக வேண்டுமென்றால் "என்னோடு பேச ஆள் உண்டு" என்று நேராகக் கேளுங்கள். பிறகு மதிப்பெண்ணைத் திருப்ப மறக்காதீர்கள்: ஐந்து புள்ளி அளவுகோலில் 6இலிருந்து கழிக்க வேண்டும், நான்கு புள்ளியில் 5இலிருந்து. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா படுமோசமாக, சில சமயம் மைனஸில்கூட வந்து நிற்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கேட்கும் இடம் கேள்வியைவிடப் பெரிது. வளவில் உட்கார வைத்து, மருமகள் காபி ஆற்றிக்கொண்டு நிற்க, "துணைக்கு ஆள் இல்லைன்னு எப்பவாவது தோணுதா ஆச்சி?" என்று கேட்டால் என்ன வரும்? "எனக்கென்னப்பா குறை, பிள்ளைக நல்லாத்தான் வச்சிருக்காக." அந்தப் பதில் மருமகளுக்கு. மூன்று கேள்விக்கும் இப்படியே வாங்கி மொத்தம் 3 மதிப்பெண் என்று எழுதிக்கொண்டு வந்தால் செட்டிநாட்டில் தனிமையே இல்லை என்றுதான் முடிவு கிடைக்கும். இருவராகப் போங்கள். ஒருவர் முகப்புத் திண்ணையில் ஆச்சியோடு உட்காரட்டும். மற்றவர் அதே நேரத்தில் உள்ளே மருமகளிடம் வீட்டு விவரப் படிவத்தை நிரப்பட்டும். யாரையும் "கொஞ்சம் வெளிய போங்க" என்று சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை.

விடைகள் மூன்றையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் காட்டுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை மறுபடி வாசியுங்கள். நாமாக விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் நான்கு மாணவர் நான்கு கேள்வி கேட்டதாகிவிடும். தலையாட்டுவதும் ஆபத்து. நூறு வருஷத்துக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்டவரின் தலை அசைவை வைத்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. குதிரைக்கே அவ்வளவு தெரியுமென்றால் ஆச்சிக்குத் தெரியாதா நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று?

எத்தனை பேர் என்பதற்குச் சுருக்கமாக: நூறு என்ற எண்ணுக்கு எந்தச் சாஸ்திரமும் இல்லை. இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையே அரைத் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வித்தியாசம் இருக்கிறதென்றால், அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 30 பேர்தான் என்றால் வாய்ப்பு பாதிக்கும் கீழே. காசைச் சுண்டிப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். 0.2 திட்ட விலக்கம் அளவு சின்ன வித்தியாசத்துக்குக் குழுவுக்கு 390க்கு மேல் தேவை; ஒரு செமஸ்டரில் நடக்காது, தலைப்பை மாற்றுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இன்னொரு வகை: "ஆறு வார யோகா தனிமையைக் குறைத்தது." முதல் அளவீட்டில் 8, 9 வாங்கியவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி அளக்கிறார்கள், சராசரி இறங்கியிருக்கிறது, உடனே யோகாவுக்கு மாலை. யோகா இல்லாமலே இறங்கியிருக்கும். ஒருவர் 9 வாங்கிய நாள் பெரும்பாலும் அவருடைய மோசமான நாள். மகனோடு போனில் சண்டை, மூட்டுவலி, மழை, ஏதோ ஒன்று. உச்சத்தில் இருப்பவர்களை மட்டும் பிடித்து மறுபடி அளந்தால் சராசரியை நோக்கித்தான் நகர்வார்கள். இது புள்ளியியலின் இயல்பு, எந்தச் சிகிச்சையின் பெருமையும் அல்ல.

பரிகாரம் ஒன்றுதான்: ஒப்பிட இன்னொரு குழு, அதுவும் சீட்டுக் குலுக்கிப் பிரித்தது. "விருப்பமுள்ளவர் யோகாவுக்கு, மற்றவர் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு" என்பது பிரிப்பே அல்ல. விருப்பமுள்ளவர் ஏற்கெனவே வேறு மாதிரி ஆள். மூடிய உறைக்குள் அ, ஆ என்று எழுதிக் கலைத்து வையுங்கள். முதல் அளவீடு முடிந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். இரண்டாம் குழுவுக்கு அதே பயிற்சியை ஆறு வாரம் கழித்துக் கொடுத்துவிடலாம், யாரையும் ஏமாற்றியதாகாது. கடைசி அளவீட்டை எடுப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸில் 240 பேரை இப்படிக் குலுக்கிப் பிரித்து, நான்கு வாரம் தொலைபேசியில் பேசும் திட்டத்தைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். பேசியவர்கள் மனநலப் பட்டம் இல்லாத இளைஞர்கள். பேச்சுக் கிடைத்த குழுவில் தனிமை குறைந்தது. ஆள்பலம் சேர்ந்தால் இங்கேயும் செய்யக்கூடியதுதான். நம் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியாதா என்ன?

பகுப்பாய்வில் ஒரே ஒரு விஷயம் சொல்லி விடுகிறேன். வயது, பால், படிப்பு, வருமானம், பிறப்பு வரிசை என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்து இருபது டெஸ்ட் போடுகிறார்கள். எதிலுமே உண்மையான வித்தியாசம் இல்லாவிட்டாலும், அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், இருபதில் ஒன்றிலாவது பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்து, வித்தியாசம் உண்மைபோலத் தெரிய 64 சதவீத வாய்ப்பு. அந்த ஒன்றுதான் அறிக்கையின் முடிவுரையில் கொட்டை எழுத்தில் வரும். உளவியல் ஆய்வுகள் நூறைத் திரும்பச் செய்து பார்த்த கூட்டு முயற்சி 2015இல் வெளிவந்தது. மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றிருந்தன. மறுமுறை 36 சதவீதம்தான். எந்த இரண்டு ஒப்பீடு முக்கியம் என்று தரவு சேர்க்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பேரேட்டில் அடித்துத் திருத்தினால் சும்மா விடாத ஊர் இது, இதற்கு மட்டும் என்ன சலுகை?

ஒப்புதல் பற்றி. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் "ஓகே, அம்மாகிட்ட பேசிக்கங்க" என்று சொன்னது ஒப்புதல் அல்ல. ஆச்சி சொல்ல வேண்டும், பாதியில் நிறுத்தலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்க வேண்டும். பேச்சில் யாராவது சாவைப் பற்றிச் சொன்னால் படிவத்தை மூடிவிட்டுக் கேளுங்கள், தனியே விட்டு வராதீர்கள், அன்றே கைடுக்குச் சொல்லுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் அச்சடித்த சீட்டு பையில் இருக்கட்டும், எல்லா வீட்டிலும் ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள்.

பெயரை மறைத்துவிட்டோம் என்று நினைப்பதும் இந்த ஊர்களில் செல்லாது. "கானாடுகாத்தான், பெண், 84 வயது, மகன் மலேசியா" என்று ஒரு வரி போட்டால் டீக்கடையில் யார் என்று சொல்லிவிடுவார்கள். வயதைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். கோவில் பெயர் வேண்டாம், ஊரைத் தாலுகாவாக்குங்கள். ஐந்து பேருக்குக் குறைவாக வரும் அட்டவணைக் கட்டங்களை அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள். படிவத்தில் எண் மட்டும். எண்ணுக்கு யார் பெயர் என்ற பட்டியல் தனியே, கைடின் அலமாரியில், பூட்டோடு. வைவா முடிந்ததும் அதைக் கிழித்துவிடுங்கள். போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். கேலரியிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியிலும் பாருங்கள்.