நாகை மக்கள் தனியாக எழவில்லை

"சுனாமிக்குப் பிறகு நாகை மீனவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல், மனவலிமையால் மட்டுமே எழுந்தார்கள், சின்னக் கஷ்டத்துக்கே துவண்டுபோகிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அந்த மக்கள் மீதான மதிப்பில்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் நடந்தது அப்படி அல்ல, நண்பரே.

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுபடி தொழிலுக்குப் போக அரசும் தொண்டு நிறுவனங்களும் படகும் வலையும் கொடுத்தன. வந்த நிவாரணத்தை மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் பங்கிட்டன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுகையைக் காதுகொடுத்துக் கேட்பதற்கு.

பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியது. அப்படிச் சிலர் மடியில் மறுபடியும் ஒரு குழந்தை தவழ்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அதற்காகப் போன பிள்ளையின் துக்கம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இன்றும் டிசம்பர் 26 வந்தால் கடலில் பாலூற்றிப் பூத்தூவி அழுகிறார்கள்.

துக்கத்தில் இருக்கும் யாராவது உங்கள் வரியைப் படித்து, தனக்கு மட்டும்தான் வலிமை இல்லை என்று நினைத்துவிடலாம். தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள்.