மனநல சேவையின் காசில் கை வைக்க விடாதீர்கள்: திருகோணமலையின் நான்கு எம்.பி.மாருக்கும்

பட்ஜெட் காலம் வந்தால் எங்கட மாவட்டத்தில் வீதி, மீன்பிடி, வேலைவாய்ப்பு என்றுதான் பேச்சுப் போகும். மனநல சேவைக்கு எவ்வளவு என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் நேரான பதில் கிடைக்காது. அதற்கென்று தனித் தலைப்பே இல்லை. சுகாதார அமைச்சின் 111ஆம் தலைப்புக்குள் கொஞ்சம், நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் மாகாணத்துக்கு வரும் காசுக்குள் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. கணக்கில் தனியாகத் தெரியாத காசை வெட்டினால் வெட்டியதும் தெரியாது. என்னுடைய பயம் முழுக்க அதில்தான்.

வெட்டு எங்கே விழும்? வைத்தியருடைய சம்பளத்தில் விழாது. செலவைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தால் முதலில் அடிபடுவது எரிபொருள், பயணப்படி, மேலதிக நேரக் கொடுப்பனவு, வாகனத் திருத்தம். மனநல சேவையை ஓட வைப்பதே இந்தச் சில்லறைச் செலவுகள்தான். வெருகல், குச்சவெளி, கோமரங்கடவல பக்கத்துச் சனம் எல்லாரும் மாதாமாதம் நகரத்துக்கு வந்து போக முடியாது. கிளினிக்தான் அவர்களிடம் போகவேண்டும். டீசல் இல்லையென்றால் வெளிக்களக் கிளினிக் இல்லை.

கிளினிக் ஒன்று தவறினால் என்ன நடக்கும் என்பதைத் தயவுசெய்து விளங்கிக்கொள்ளுங்கள். மனச்சிதைவு நோய் உள்ள பலருக்கு இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒருமுறை தசையில் ஊசி போடுவார்கள். மருந்து உடம்பில் மெல்ல மெல்லக் கரையும். அதனால் ஊசி தவறிய உடனே ஒரு மாற்றமும் தெரியாது. கிழமைகள் போன பிறகுதான் நித்திரை குழம்பும், சந்தேகம் கூடும், சாப்பாட்டில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். பிறகு வீட்டில் சண்டை, அயலவர் முறைப்பாடு, பொலிஸ், அம்புலன்ஸ். டீசலை நிறுத்திய சுற்றறிக்கையோடு இதை முடிச்சுப் போட அந்த நேரம் யாரும் இருக்கமாட்டார்கள்.

இதே நோய்க்குக் கொடுக்கும் குளோசபின் குளிசை இன்னும் கண்டிப்பான மருந்து. மற்ற மருந்துகள் பலன் தராதவர்களுக்கு இதுதான் கடைசி நம்பிக்கை. ஆனால் சிலருக்கு வெள்ளைக் குருதிக் கலங்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். ஆகவே முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒருதடவை இரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகும் ஒழுங்காக. ஆய்வுகூடத்தில் இரசாயனம் முடிந்துவிட்டால் வைத்தியர் மருந்தை எழுதத் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும். 48 மணித்தியாலத்துக்கு மேல் குளிசை தவறினால் பழைய அளவில் திரும்பத் தொடங்கவும் முடியாது. 12.5 மில்லிகிராமில் இருந்து படிப்படியாக ஏற்றவேண்டும். மனநிலை ஏறி இறங்கும் இருமுனை நோய்க்கு லித்தியம் எடுப்பவருக்கு இரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைரொயிட் எல்லாம் பார்க்கவேண்டும். மருந்துக்கு ஒதுக்கிவிட்டுப் பரிசோதனைக்கு ஒதுக்காவிட்டால் அந்த மருந்துக் காசும் வீண்.

இப்படி வெட்டுவதால் அரசுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. நோய் முற்றிய ஒருவரை அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கு அனுப்புவதென்றால் 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். சாரதி, தாதி, வாகனம், அங்கே கட்டில். கூடப் போகும் தாயோ தமையனோ இழக்கும் நாள்கூலியை எந்த அமைச்சும் கணக்கில் எடுப்பதில்லை.

கட்டிடம் கட்டித் தருகிறோம் என்று சொல்வீர்கள். கட்டிடம் மூலதனச் செலவு. கல்வெட்டில் பெயர் வரும். நாங்கள் கேட்பது மீண்டெழும் செலவினம், அதாவது வருடா வருடம் திரும்பத் திரும்ப வரும் செலவு. ஆள், ஊசி, டீசல். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் தொடங்கிய உளசமூக வேலைகளில் பல, உதவி நின்றதோடு நின்றதை இந்தக் கரையோரம் பார்த்தது. பயிற்றப்பட்டவர்களின் சம்பளத்தை யாரும் பொறுப்பேற்காவிட்டால் எல்லா இடத்திலும் இதுதான் கதி.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேரளவில் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பீடைகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அந்த வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. (இதை வாசிக்கும் யாருக்காவது இப்போது மனம் தாங்கவில்லை என்றால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.)

இனி நீங்கள் செய்யக்கூடியது. அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரையின்படி சாதாரண உறுப்பினர் ஒருவர் செலவைக் கூட்டும் பிரேரணை கொண்டுவர முடியாது என்பது தெரியும். ஆனால் பட்ஜெட்டை அமைச்சு அமைச்சாக ஆராயும் குழுநிலை விவாதத்தில் சுகாதார அமைச்சின் தலைப்பு வரும் நாளில் கேள்வி கேட்கலாம். விவாதத்தைத் தொடக்குவதற்காகப் பெயரளவில் கொண்டுவரும் வழமையான பத்து ரூபாய் வெட்டுப் பிரேரணையோடு தொடங்கும் அந்த விவாதத்தில் பொதுவாகப் பேசி நேரத்தை முடிக்காதீர்கள். திருகோணமலை மாவட்டத்தில் மனநல சேவைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, அதில் எத்தனை வெற்றிடம், தமிழில் பேசி நோயாளியை விசாரிக்கக்கூடியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். திட்டமிட்ட வெளிக்களக் கிளினிக்கில் எத்தனை நடக்கவில்லை, ஏன்? நீண்டகால ஊசியும் குளோசபினும் லித்தியமும் எத்தனை மாதத்துக்குக் கையிருப்பில் உள்ளன? எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒதுக்கிய காசில் கட்டுநிதியாக, அதாவது செலவழிக்கத் திறைசேரி விடுவிக்கும் காசாக, உண்மையில் வந்தது எவ்வளவு? ஒதுக்கீடு கடதாசியில் முழுதாக இருக்கும். கட்டுநிதி வராவிட்டால் அது வெட்டியதற்குச் சமம்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாணக் காசைப் பற்றிக் கேட்பதற்கும் மக்கள் தெரிவுசெய்தவர்கள் என்று நீங்கள் நாலு பேரும்தான் இருக்கிறீர்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் இதே கேள்விகளை எழுப்பிக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.

வாசிக்கும் உறவுகளே, எம்.பி.மாருக்குக் கடிதம் எழுதுங்கள். நோயாளியின் பெயர், விலாசம் வேண்டாம். கிளினிக் நடக்கும் ஊர், நடக்கவேண்டிய திகதி, நடக்காததற்குச் சொன்ன காரணம், வெளியில் வாங்கச் சொன்ன மருந்து, பார்மசியில் கொடுத்த விலை. ஒரு பக்கம் போதும். குழுநிலை விவாதம் தொடங்க முதல் அது அவர்களுடைய கைக்குப் போய்ச் சேரவேண்டும்.