“ஏன் இன்னும் டயாலிசிஸ் போடல சார்?”

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்குக் கதவுக்கு வெளியே காத்திருப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. சில மாதங்களுக்கு முன், கடும் நிமோனியாவோடு செப்சிஸும் (தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) சேர்ந்து வென்டிலேட்டரில் இருந்த ஒரு பெரியவரின் மகன், ஒரு படி மேலே போய், “பணம் கட்ட முடியாதுன்னு யோசிக்கிறீங்களா சார்? நான் கட்டிடறேன்” என்றார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், இரத்தத்தில் முந்தைய நாள் 1.8, அன்று 3.2. “கிட்னி போயிடுச்சு” என்ற சொல் குடும்பத்துக்குள் பரவிவிட்டது. அந்த நிலையில் இயந்திரத்தை மாட்டாமல் நிற்கும் மருத்துவர் கஞ்சனாகவோ சோம்பேறியாகவோ தெரிவதில் வியப்பில்லை.

உண்மையில் டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்ற கேள்வி எங்களுக்கே நீண்ட காலம் இருந்தது. கிரியேட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலோ, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்கும் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் வந்தாலோ அதைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்த அளவு மணிக்கு 30 மில்லி. இந்த வரையறையைக் கொண்டு 33 நாடுகளின் 97 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,802 பேரைப் பார்த்து, 2015-ல் வெளியான ஆய்வில், 57.3 சதவீதத்தினருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு வரும் ஒன்றுக்கு, சிறுநீரகத்தை நேரடியாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. மருந்து இல்லாத இடத்தில் “ஏதாவது செய்தாக வேண்டும்” என்ற தவிப்பு உள்ளே வந்துவிடுகிறது.

அந்தத் தவிப்பின் பழைய அடையாளம் டோபமைன் என்ற மருந்து. குறைந்த அளவில் ஏற்றினால் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் கூடும் என்று நம்பி, அதற்கு ‘ரீனல் டோஸ்’ (சிறுநீரகத்துக்கான அளவு) என்று ஒரு பெயரும் வைத்து, உலகம் முழுக்க ஏற்றினார்கள். 2000-ல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் 328 நோயாளிகளிடம் அதை மருந்தில்லாக் கரைசலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எந்தப் பயனும் தெரியவில்லை. முடிவு வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒரேயடியாகப் போய்விடவில்லை என்பதை என் பயிற்சிக் காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டயாலிசிஸ் விஷயத்தில் குழப்பம் உச்சத்துக்குப் போனது 2016 மே மாதம். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ஒரே மருத்துவமனையில் 231 பேரிடம் நடந்த எலைன் ஆய்வு, சீக்கிரம் தொடங்கினால் 90 நாளில் இறப்பு 54.7 சதவீதத்திலிருந்து 39.3-ஆகக் குறைகிறது என்றது. அதே மாதம் பிரான்சின் 31 பிரிவுகளில் 620 பேரிடம் நடந்த அகிகி ஆய்வு, 60 நாள் இறப்பில் வித்தியாசமே இல்லை (48.5, 49.7) என்றது. இரண்டையும் படித்தவர்கள் அவரவருக்குப் பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எலைன் ஆய்வில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நோயாளிகள். சீக்கிரம், தாமதம் என்ற இரு அணிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஏறத்தாழ 20 மணி நேரம்தான். இவ்வளவு குறுகிய இடைவெளி இவ்வளவு பெரிய உயிர்க்கணக்கை மாற்றுமா என்ற ஐயம் எனக்கு அப்போதே இருந்தது.

அகிகி ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இறப்புக் கணக்கு அல்ல. காத்திருந்த அணியில் 49 சதவீதத்தினருக்குக் கடைசிவரை டயாலிசிஸ் தேவைப்படவே இல்லை. சீக்கிரம் தொடங்கிய அணியில் 10 சதவீதத்தினருக்கு, டயாலிசிஸுக்காக இரத்தக்குழாயில் ஏற்றும் கதீட்டர் என்ற குழாய் வழியாக இரத்தத்தில் தொற்று ஏறியது. காத்திருந்தவர்களில் அது 5 சதவீதம். டயாலிசிஸ் சிறுநீரகத்தின் வேலையைத் தற்காலிகமாக வாங்கிச் செய்கிறதே தவிர, சிறுநீரகத்தைச் சரிசெய்வதில்லை. அதற்குக் கழுத்திலோ தொடையிலோ தடித்த குழாய் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் இரத்த அழுத்தம் இயந்திரம் ஓடும்போது இன்னும் சரியலாம். நாம் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கில் ஒரு பகுதியும் கழிவோடு சேர்ந்து வெளியேறிவிடும்.

2020-ல் வந்த ஸ்டார்ட்-ஏகேஐ ஆய்வு 15 நாடுகளில் 168 மருத்துவமனைகளில், ஏறத்தாழ மூவாயிரம் பேரிடம் நடந்தது. 90 நாள் இறப்பு சீக்கிரம் தொடங்கிய அணியில் 43.9 சதவீதம், காத்திருந்த அணியில் 43.7. பிழைத்தவர்களில் 90-ஆம் நாளும் டயாலிசிஸைச் சார்ந்திருந்தவர்கள், சீக்கிரம் தொடங்கிய அணியில் 10.4 சதவீதம், மற்றதில் 6.0 சதவீதம். அடிபட்ட சிறுநீரகம் தானாக எழுந்து வரும் நேரத்தில், இயந்திரம் இரத்த அழுத்தத்தைச் சரித்து அதை மறுபடியும் அடித்துப்போடுகிறதோ என்பது என் ஊகம்.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் எவ்வளவு தாமதித்தாலும் பரவாயில்லை” என்று சொல்லும் இளம் மருத்துவர்களோடுதான் இப்போது எனக்குச் சண்டை. 2021-ல் அதே பிரெஞ்சுக் குழு வெளியிட்ட அகிகி-2, சிறுநீர் மூன்று நாள் சரியாக வராமலோ இரத்தத்தில் யூரியா என்ற கழிவு 240-ஐத் தாண்டியோ போன 278 பேரில் ஒரு பாதிக்கு உடனே தொடங்கி, மறுபாதிக்கு இன்னும் தள்ளிப் போட்டுப் பார்த்தது. மேலும் காத்திருந்ததில் பயன் இல்லை; 60 நாள் இறப்பு 44-க்கு 55 சதவீதம் என்று, தீங்கின் பக்கமே சாய்ந்திருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றை நம்மவர்கள் கவனிப்பதில்லை. இந்த ஆய்வுகளில் ‘காத்திருத்தல்’ என்றால் சும்மா இருத்தல் அல்ல. மணிக்கு ஒருமுறை சிறுநீர் அளவு, திரும்பத் திரும்பப் பொட்டாசியம், இரத்தத்தின் அமிலத்தன்மை, நுரையீரலில் நீர் சேர்கிறதா என்ற பார்வை. இவற்றில் ஒன்று எல்லை மீறினால் நள்ளிரவிலும் ஓடத் தயாராக ஓர் இயந்திரம். செப்சிஸால் இரத்த அழுத்தம் சரிந்த (செப்டிக் ஷாக்) நோயாளிகளிடம் பிரான்சில் நடந்த இன்னொரு ஆய்வில், காத்திருந்த அணியில் 17 சதவீதத்தினருக்கு அவசரமாகத் தொடங்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்டார்ட்-ஏகேஐ நடந்த 15 நாடுகளில் இந்தியா இல்லை. ஒரு செவிலியர் நான்கைந்து படுக்கைகளைப் பார்த்துக்கொண்டு, சிறுநீர்ப் பையை ஷிஃப்ட் முடிவில் ஒருமுறை காலிசெய்து ‘400’ என்று எழுதும் இடத்தில், அந்த 400 முதல் இரண்டு மணியில் வந்ததா, கடைசி இரண்டு மணியில் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அங்கே பாரிஸின் முடிவைக் கடன் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. இரவில் டயாலிசிஸ் டெக்னீஷியன் இல்லாத மருத்துவமனை மாலையிலேயே தொடங்கிவிடுவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். அங்கே காத்திருக்க வசதி இல்லை, அவ்வளவுதான். மாறாக, எல்லா வசதியும் இருந்தும், கிரியேட்டினின் எண்ணைப் பார்த்து மட்டும் தொடங்குகிறவர்களிடம்தான் என் கேள்வி.

அந்தப் பெரியவருக்கு மூன்றாம் நாள் இரவு பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு, 6.3 ஆனது, மருந்துக்கும் இறங்கவில்லை. ஒரு மணிக்குத் தொடங்கினோம். மறுநாள் காலை மகன், “இதை முதல் நாளே செஞ்சிருக்கலாமே சார்” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது. ஆய்வுகள் நூறு பேருக்கான விடையைத் தருகின்றன. இவர் தேவைப்படாத பாதியா, தேவைப்படும் பாதியா என்பதை முதல் நாளே உறுதியாகச் சொல்லும் சோதனை இல்லை. சிறுநீரைக் கூட்டும் ஃபியூரோசமைடு மருந்தை எடைக்கேற்பக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 200 மில்லி சிறுநீர் வருகிறதா என்று பார்க்கும் முறை ஒன்று 2013-லிருந்து இருக்கிறது. அதை அவருக்கும் செய்திருந்தோம். வந்தது 170. எல்லைக்கு அருகில், எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாத 170. அந்த அளவு எழுதிய தாளை எடுத்து மகனிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இப்ப எவ்வளவு வருது சார்?” என்று கேட்டார்.