1990 அம்புலன்ஸ் இருக்கிறது என்பது மட்டும் போதாது

“மிட்வைஃப் மிஸ் தோட்ட லயத்துக்கு வாறாங்கதானே, அவங்களை வச்சே வீட்டில பெத்துக்கலாம், சிக்கல்னா 1990க்கு அடிச்சாப் போதும், இங்கிலாந்திலயும் அப்படித்தான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. மிஸ் வீட்டுக்கு வருவது பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாயையும் பிள்ளையையும் பார்க்க. நம் இலங்கையில் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் திட்டமிடப்படுகிறது.

இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம் நடப்பது உண்மை. ஆனால் 2011இல் வெளிவந்த அந்நாட்டு ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரரில் 100க்கு 45 பேரைப் பிரசவத்தின்போதோ பிள்ளை பிறந்தவுடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆபத்துக் குறைந்தவர்கள் என்று பொறுக்கியெடுத்தும் இந்தக் கணக்கு!

பெரிய பயம் இரத்தப்போக்கு. பிள்ளை பிறந்த பிறகும் கருப்பை இறுகாவிட்டால் நிமிடங்களில் அரை லீற்றர் தாண்டிவிடும். அதைத் தடுக்கத்தான் பிறந்தவுடனே தொடையில் கருப்பையை இறுக்கும் ஒக்சிடோசின் ஊசி 10 யூனிட் போடுகிறார்கள். அந்த மருந்தை 2–8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே உள்ள, அதாவது இரத்தசோகை உள்ள தாய்க்கு, இழக்க இரத்தமே குறைவு. தோட்டத்து மேல் டிவிஷன் கல்ரோட்டில் அம்புலன்ஸ் ஏறிவரும் நேரத்தையும் கணக்குப் பாருங்கள்.

36 வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையும் கர்ப்பிணி அட்டையும் (எச் 512) ஒன்றாக இருக்கட்டும். இரண்டு வாகனக்காரரிடம் சொல்லி வையுங்கள். தப்பித்தவறி வழியில் பிறந்தால் பிள்ளையைத் துடைத்து, தாயின் வெற்று நெஞ்சில் போட்டுப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை இழுக்கவோ வீட்டுக் கத்தியால் வெட்டவோ வேண்டாம்.