தோடர் வீட்டுக் கூரை மட்டும் போதுமா?

நேற்று முழுக்க ஆளாளுக்கு அந்த ரிசார்ட் காணொளியைத்தான் எனக்கு அனுப்பினீர்கள். ஊட்டிக்குப் பக்கத்தில், நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் வீடு மாதிரி வளைந்த கூரையோடு காட்டேஜ்கள், வரவேற்பறையில் பருவநிலை மாற்றம் பற்றிப் பெரிய பலகை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமரா அறைக்குள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. பூத்துக்குளியை மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டிருக்கிறார்கள்.

தோடர்கள் இறந்தவர்களைப் போர்த்தி வழியனுப்பும் துணி அது. எனக்குப் பழக்கமான தோடர் அக்கா ஒருவர், கோடு எதுவும் வரையாமல் இழை எண்ணி எண்ணி சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார். ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். 2013-ல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவரிடம் காணொளியைக் காட்டினேன். "எங்க பாட்டியை இதைப் போர்த்தித்தான் அனுப்பினோம்" என்றார், அவ்வளவுதான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

கூரையை எடுத்துக்கொண்டீர்கள், சரி. தோடர் கோயில் வேய்கிற புல் எங்கே வளரும் தெரியுமா? சதுப்பு நிலத்தில். அந்தச் சதுப்புகளை வடித்துத் தோட்டம் போட்டு, புல்வெளியில் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டு, மிச்சத்தில் கட்டடம் கட்டி, இன்று அந்தப் புல்லுக்காக அவர்கள் அலைய வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கோடையில் ஓடைக்கு விடுவது அந்தப் புல்வெளியும் சோலையும் சதுப்பும்தான். மலைப் பண்பாடு அங்கே இருக்கிறது, கான்கிரீட்டில் வளைத்த கூரையில் இல்லை.

"உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கிறதே" என்பீர்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை, என் சொந்தக்காரப் பையனே ஒரு ஹோட்டலில்தான் இருக்கிறான். அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? சோலார் வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும். "நீயும் மலையில் கான்கிரீட் வீட்டில்தானே இருக்கிறாய்" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். ஆமாம், இருக்கிறேன். ஆனால் அதற்குப் பருவநிலைப் பலகை மாட்டி ஒரு ராத்திரிக்கு வாடகை வாங்கவில்லை.

2009 நவம்பரில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். கேத்திப் பக்கத்து உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல், போனும் கிடைக்காமல், வீட்டில் யாரும் தூங்கவில்லை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. இப்படிப் பெய்கிற மலையில் சரிவை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்துவிட்டு, பருவநிலை பற்றி எங்களுக்கே பாடம் எடுக்கிறார்கள்.

நீலகிரியில் ஜேசிபி இறக்கவே அனுமதி வேண்டும். அந்தச் சரிவுக்கு யார் கொடுத்தார்கள், ஊரே குடத்தோடு நிற்கிற ஏப்ரலில் அத்தனை அறைக்கும் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். 'செம லொக்கேஷன்' என்று போடுகிறவர்கள் தயவுசெய்து வேறு எங்காவது போய்ப் போடுங்கள்.