வைகைத் தண்ணிக்கும் காவல் வேணும்ங்க

சைபர் பாதுகாப்புன்னாலே, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள ஹேக்கர்ஸ் பூராம காக்குறதுன்னாலே, டெல்லி, பெங்களூர் சமாச்சாரம்னு நம்ம ஊர்ல நெறைய பேரு நினைக்கிறாங்க. ஆனா நம்ம குடிக்கிற தண்ணிக்கும் அது வேணும். வைகை டேம்ல எடுக்குற தண்ணி பண்ணைப்பட்டில சுத்திகரிச்சு மதுரைக்கு வருது, லோயர் கேம்ப்ல இருந்து முல்லைப் பெரியாறு தண்ணிக்கும் தனியா திட்டம் போட்டாச்சு, வழி பூராம் மோட்டார், வால்வு, டேங்க். இப்பல்லாம் புதுசா போடுற குடிநீர் திட்டத்துல இத ஸ்காடான்னு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டத்துல இணைச்சு ஒரே ரூம்ல உக்காந்து ஓட்டுறாங்க. வரட்டும், நல்லதுதான். அந்த ரூமுக்கு யாரு காவல்?

சட்டம் இல்லாம இல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70ஏ பிரிவுல, நாட்டோட முக்கியமான கம்ப்யூட்டர் கட்டமைப்பக் காக்க 2014ல என்சிஐஐபிசின்னு ஒரு அமைப்பே உண்டாக்குனாங்க, கரண்ட், பேங்க், டெலிகாம், போக்குவரத்து இதெல்லாம் அவங்க பார்வையில இருக்கு. 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு'ன்னு அறிவிச்ச சிஸ்டத்துல அத்துமீறி நுழைஞ்சா 10 வருஷம் வரைக்கும் ஜெயில். எங்கயாவது தாக்குதல் நடந்தது தெரிஞ்சா 6 மணி நேரத்துல தங்ககிட்ட சொல்லியாகணும்னு, சைபர் தாக்குதலக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022ல உத்தரவு போட்டுச்சு. ஆனா தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை வந்தது 2013ல, யுபிஐயே 2016லதான் வந்துச்சு, நடுவுல நாடு எம்புட்டு மாறிப்போச்சு பாருங்க.

அமெரிக்காவுல பென்சில்வேனியா மாகாணத்துல அலிக்விப்பான்னு ஒரு சின்ன ஊரு. 2023 நவம்பர்ல அங்க தண்ணி பிரஷரப் பாத்துக்குற கருவிக்குள்ள ஹேக்கர்ஸ் பூந்துட்டாங்க. அந்த மாடல் கருவிக்கு கம்பெனியே போட்டு அனுப்புற பாஸ்வேர்டு 1111, அத மாத்தாம இன்டர்நெட்ல இணைச்சு வைக்காதீங்கன்னு அதுக்கப்பறம் அந்த அரசாங்கம் ஊரு ஊரா எச்சரிக்கை விட்டுச்சு. ஆனா அந்த ஊருல தண்ணி நிக்கல, ஏன்னா வேலை பாக்குறவங்க சிஸ்டத்த நிப்பாட்டிட்டு கையாலயே ஓட்டிட்டாங்க. டெல்லி எய்ம்ஸ்லயும் 2022 நவம்பர்ல ரான்சம்வேர், அதாவது சிஸ்டத்தப் பூட்டிட்டுப் பணம் கேக்குற வைரஸ் வந்து சர்வர் படுத்தப்போ ரெண்டு வாரத்துக்குப் பக்கமா ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட்டெல்லாம் பேப்பர்லதான் எழுதுனாங்க.

எனக்கு பயமே இங்கதான். எந்த வால்வ எத்தனை சுத்து திறந்தா எந்தத் தெருவுல தண்ணி ஏறும்னு மனசுக்குள்ளயே வச்சிருக்கிறது வால்வு திறக்குற அண்ணன்மாருதான். அவங்க ரிட்டையராகிப் போனா அந்தக் கணக்கு எந்த நோட்டுல இருக்கு? சிஸ்டம் வந்துருச்சு ஆளு எதுக்குன்னு அவங்களக் கொறச்சா பட்ஜெட்ல மிச்சம்னு காட்டலாம், என்னைக்காவது ஸ்க்ரீன் இருண்டு போச்சுன்னா கடைசி டேங்கு வரைக்கும் ஊரே குடத்தோட நிக்கணும். மீனாட்சி கல்யாண நேரத்துல அப்படி ஆச்சுன்னா நினைச்சுப் பாருங்க, ஊரே கொள்ளாத கூட்டம்.

நம்ம பெரியாஸ்பத்திரி, வார்டு பம்பிங் ஸ்டேஷன் மாதிரி இடங்களயும் முக்கியமான கட்டமைப்புன்னு சேத்து, அதுக்குன்னு தனியா காசும் ஆளும் மாநகராட்சிக்குக் குடுக்கணும். சிஸ்டம் போட்ட காண்ட்ராக்டர் வெளியூர்ல இருந்தே உள்ள நுழையிற வழி யாருகிட்ட இருக்கு, அத எப்ப மூடுறாங்கன்னு டெண்டர்லயே எழுதணும். வருஷத்துல ரெண்டு நாளாவது சிஸ்டத்த அணைச்சுட்டு கையாலயே தண்ணி விட்டுப் பாக்கணும், அப்பத்தான் புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கும் பழகும். மாமன்றத்துல 100 கவுன்சிலர் இருக்கீங்க, அடுத்த கூட்டத்துல ஒருத்தராவது எந்திரிச்சு இதக் கேளுங்க.