டைட்டானிக்கின் வயர்லெஸ் அறையை வெட்ட வேண்டாம்

டைட்டானிக் கப்பலின் மேல்தளக் கூரையை வெட்டி, உள்ளே இருக்கும் மார்க்கோனி வயர்லெஸ் கருவியை வெளியே எடுக்கலாமா என்று பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு செய்யும் ஹாம் வானொலி நண்பர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "எடுக்கட்டுமே, அங்கே கிடந்து துருப்பிடித்துப் போவதைவிட மியூசியத்தில் இருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள்." மோர்ஸ் தந்தி பழகிய யாருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் இருக்கிறது. ஆனாலும் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வழக்கு. கப்பலிலிருந்து பொருட்களை மீட்கும் உரிமை 1994 முதல் ஆர்எம்எஸ் டைட்டானிக் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. சுமார் 5,500 பொருட்களை எடுத்திருக்கிறார்கள். கப்பலை வெட்டக் கூடாது, அதோடு சேர்ந்த எதையும் பிரிக்கக் கூடாது என்று 2000-இல் வர்ஜீனியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2020 மே மாதம் அதே நீதிமன்றத்தில் நீதிபதி ரெபெக்கா பீச் ஸ்மித் அந்தத் தடையைத் தளர்த்தி, வயர்லெஸ் கருவியை மட்டும் எடுக்க அனுமதி கொடுத்தார். அமெரிக்க அரசு எதிர்த்தது, கப்பலைக் காக்கப் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தையும் காட்டியது. இதற்கிடையில் கொரோனா வந்தது. அப்புறம் 2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் இந்த நிறுவனத்தின் ஆழ்கடல் ஆய்வுத் தலைவர் போல் ஆன்ரி நார்ஜோலே. அதற்குப் பிறகு கப்பலுக்குள் நுழையும் திட்டத்தை நிறுவனம் நிறுத்தி வைத்தது, 2025 தொடக்கத்தில் அரசும் வழக்கைக் கைவிட்டது. அதாவது இப்போதைக்கு யாரும் வெட்டப் போவதில்லை, அவ்வளவுதான். நாளைக்கு வேறொரு திட்டத்தோடு வந்தால் மறுபடியும் இதே கேள்விதான்.

கருவியின் கதை பலருக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஒரு பகுதியை அதிகம் பேர் சொல்வதில்லை. 1912 ஏப்ரல் 13 இரவு அந்த டிரான்ஸ்மிட்டர் பழுதாகிவிட்டது. பழுதானால் அவசரத்துக்கு வைத்திருக்கும் சிறிய கருவியை வைத்துச் சமாளிக்க வேண்டும், பெரியதைப் பிரிக்கக் கூடாது என்பது மார்க்கோனி நிறுவனத்தின் விதி. கப்பலின் வயர்லெஸ் ஆபரேட்டர்கள் ஜாக் பிலிப்ஸும் ஹரால்ட் பிரைடும் அதைக் கேட்கவில்லை. பிலிப்ஸுக்கு அப்போதுதான் 25 வயது ஆகியிருந்தது, பிரைடுக்கு 22. இரண்டு பேரும் விடிய விடிய உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். அடுத்த இரவே பனிப்பாறை. சரிசெய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சிறிய கருவியின் குறைந்த சக்தியில் கூப்பிட்டது பிறகு மீட்க வந்த கார்பேத்தியா கப்பலின் வயர்லெஸ் ஆபரேட்டர் ஹரால்ட் காட்டமின் காதில் விழுந்திருக்குமா? தூங்கப் போகிற நேரத்தில் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தவர் அவர். எழுநூறு பேர் பிழைத்தது இத்தனை நூலிழைகளில் தொங்கியது.

எடுக்க வேண்டும் என்பவர்கள் பக்கம் இருக்கும் மிக வலுவான வாதமும் இந்தப் பழுதுபார்ப்புதான். அந்த இருவரின் கைவேலை அந்தக் கருவியில் மட்டும்தான் இருக்கிறது. இதை நான் லேசாக ஒதுக்கிவிடவில்லை, பல நாள் யோசித்தேன்.

ஆனால் ஆர்எம்எஸ் டைட்டானிக் நிறுவனம் வைக்கும் இன்னொரு வாதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த அறையில் யாருடைய உடலும் இல்லை, அதனால் அது கல்லறை ஆகாது என்கிறார்கள். சரி, பிலிப்ஸும் பிரைடும் கடைசியில் அறையை விட்டு வெளியே ஓடினார்கள் என்பது உண்மை. பிரைடு பிழைத்தார், பிலிப்ஸ் இறந்தார். ஆனால் அந்தக் கருவி தானாக இயங்கியதா? கேப்டன் வந்து "உங்கள் வேலை முடிந்தது, போகலாம்" என்று சொன்ன பிறகும் பிலிப்ஸ் தந்தி அடித்துக்கொண்டே இருந்தார் என்றால், அவர் தந்திச் சாவியை அழுத்தும்போதெல்லாம் பொறி பறக்க மின்சாரம் வந்தது. அதை அனுப்பியவர்கள் கீழே டைனமோக்களை ஓட வைத்துக்கொண்டிருந்தார்கள். பொறியாளர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கப்பல் மூழ்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு வரை விளக்கு எரிந்தது அவர்களால்தான். கீழே அவர்கள் செத்த இடத்தைக் கல்லறை என்று ஒத்துக்கொண்டு, அவர்கள் மின்சாரம் கொடுத்த அறையை மட்டும் "அது வேறு" என்று எப்படிக் கத்தரித்து எடுப்பது? கருவியும் கப்பலும் இறந்தவர்களும் ஒரே நிகழ்ச்சி. சுமார் 1,500 பேர் இறந்த இடத்தில் அறை அறையாகக் கணக்குப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

துருப்பிடித்து அழிந்துவிடும் என்பது உண்மை. இரும்பைத் தின்னும் பாக்டீரியாவுக்கே அந்தக் கப்பலின் பெயரை வைத்திருக்கிறார்கள். கூரையில் ஓட்டைகள் விழுந்துவிட்டன, ஒருநாள் அது இடிந்து கருவிமேல் விழும். விழட்டும். கேட்கக் கடுமையாக இருக்கும், தெரியும். ஆனால் அழியப் போகிறது என்ற ஒரே காரணம் யாருக்கும் அதை வெட்டும் உரிமையைக் கொடுத்துவிடாது. நீருக்கடியில் உள்ள மரபுச் சின்னங்களை முதலில் இருக்கும் இடத்திலேயே காக்கப் பார்க்க வேண்டும், வணிகத்துக்காகத் தோண்டக் கூடாது என்று 2001-இல் யுனெஸ்கோ உடன்படிக்கையே இருக்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் அதில் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

வணிகம் என்றதும் சிலருக்குக் கோபம் வரும். ஆழ்கடல் பயணத்துக்குக் கோடிக்கணக்கில் செலவாகும், டிக்கெட் போட்டுக் கண்காட்சி வைக்காமல் பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். கண்காட்சி வைப்பது குற்றமே இல்லை. ஆனால் இந்த நிறுவனத்தின் தாய் நிறுவனம் 2016-இல் திவாலாகி, 2018-இல் மொத்தமாக முதலீட்டு நிறுவனங்களிடம் கைமாறியது. கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் வாங்க முயன்றும் கிடைக்கவில்லை. பிலிப்ஸின் கருவி அடுத்த திவாலில் யாரிடம் போகும் என்று இன்று யாராவது உறுதி சொல்ல முடியுமா?

கடல்தரையில் சிதறிக் கிடக்கும் தட்டையும் பெட்டியையும் எடுப்பதை நான் இதே அளவு எதிர்க்கவில்லை. அதற்கு எதையும் உடைக்க வேண்டாம். வெட்டுவது வேறு. அந்த அறையை 2001-லேயே ஜேம்ஸ் கேமரூன் குழுவின் சிறிய ரோபோ உள்ளே போய்ப் படம் எடுத்துவிட்டது. அன்றைய கேமராவைவிட இன்று எத்தனையோ மடங்கு நல்ல கேமராக்கள் இருக்கின்றன, எதையும் வெட்டாமல் நுழைய முடிந்த வரை நுழைந்து ஒவ்வொரு அங்குலத்தையும் பதிவு செய்யட்டும், அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கட்டும். அந்த இரவு காற்றில் போன செய்திகளின் பதிவுகள் மார்க்கோனி ஆவணங்களோடு ஆக்ஸ்ஃபோர்டில் பத்திரமாக இருக்கின்றன, பிலிப்ஸ் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளக் கூரையை அறுக்க வேண்டியதில்லை.

ஹாம் நண்பர்கள் பலர் இதை ஏற்க மாட்டீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்தக் கருவி மேலே வந்தால், படங்களிலும் ஆவணங்களிலும் இல்லாத எந்த விஷயம் நமக்குப் புதிதாகத் தெரிய வரும்? பழுதுபார்ப்பைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.